தண்ணீர் குடித்த பலகை

கட்டுமரம் கரையேறியதும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் கிடத்திக் காயவைப்பது சோழமண்டலக் கரையில் பல தலைமுறைகளாக நடந்துவந்த வேலை. கட்டியபடியே போட்டுவைத்தால் மரம் தண்ணீர் குடித்துவிடும் என்பார்கள். தண்ணீர் குடித்த மரம் மூழ்கிவிடாது. கனத்துப்போகும், அலைமீது ஏறத் தயங்கும், துடுப்புப் போடுகிறவரின் தோளில் அந்தக் கனம் தெரியும். உடைந்த மரத்தைவிட ஊறிய மரம் மோசம் என்று ஒரு முதிய மீனவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். அந்தப் பேச்சுக்குள் இருந்த இயற்பியல் எனக்குப் பிடிபட்டது, என் துடுப்புப் பலகை கருங்கல்லில் மோதிய பிறகுதான்.

ஸ்டாண்ட்-அப் பேடில்போர்டு என்பது பத்தடி நீளமுள்ள மிதவைப் பலகை. அதன்மேல் நின்றுகொண்டு, ஆளுயரத்தைத் தாண்டிய நீளத் துடுப்பால் தள்ளிப் போக வேண்டும். ஹவாயின் வைக்கிக்கி கடற்கரையில் அலைச்சறுக்கு கற்றுக்கொடுத்த இளைஞர்கள் 1950களிலும் 60களிலும் பெரிய பலகைகள்மேல் துடுப்போடு நின்று திரிந்தார்கள். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லேர்ட் ஹாமில்டன், டேவ் கலாமா போன்ற வீரர்கள் அதை மறுபடி கையிலெடுத்தார்கள். உலகக் கரைகளெங்கும் பரவியது. இன்று கோவளத்திலும் ராமேசுவரத்திலும் பார்க்கலாம். கட்டுமரத்தில் நின்றும் மண்டியிட்டும் துடுப்புப் போட்ட கரைக்கு இது அந்நியமான காட்சியல்ல.

என் பலகை பத்தரை அடி நீளம், 180 லிட்டர் கொள்ளளவு, வாங்கிய அன்று 11.2 கிலோ. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு குப்பத்தில், ஏப்ரல் மாதக் காலையில், கரையேறும்போது அலை அதை என் கையிலிருந்து பறித்தது. கடலரிப்பைத் தடுக்கக் கொட்டியிருந்த கருங்கற்கள்மேல் போட்டது. எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். அடிப்பக்கத்தில், விளிம்பை ஒட்டி, ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு குழி. அதைச் சுற்றி நட்சத்திரம்போல வெள்ளைக் கோடுகள். இவ்வளவுதானே என்று தோன்றியது. பலகையை மணலில் வெயிலில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து, இன்னும் ஒரு மணி நேரம் ஓட்டினேன்.

பலகை கெட்டது மோதியதால் அல்ல, அந்த டீயாலும் அந்த ஒரு மணி நேரத்தாலும்தான். ஏன் என்று புரிய, பலகையின் வயிற்றுக்குள் போக வேண்டும்.

அதற்குள் இருப்பது தெர்மாகோல். தொலைக்காட்சிப் பெட்டியின் மூலைகளில் வைத்து வருமே, மீன் ஏற்றும் ஐஸ் பெட்டி செய்கிறார்களே, அதே பொருள். ஒரு கன மீட்டர் 20 கிலோ இருந்தால் அதில் நூற்றுக்கு 98 பங்கு காற்று. மிச்சம் இரண்டு பங்குதான் பாலிஸ்டைரின் என்ற பிளாஸ்டிக். விரலால் அழுத்தினாலே குழி விழும் இந்தப் பொருளின் இரு பக்கமும் கண்ணாடி இழைத் துணியை எபாக்சி பிசினில் நனைத்து ஒட்டுகிறார்கள். அந்தத் தோல் பல இடங்களில் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. தோலும் பலமில்லை, உள்ளே இருப்பதும் பலமில்லை. இரண்டும் ஒட்டியிருக்கும்போது 90 கிலோ மனிதர் அதன்மேல் நின்று குதிக்கலாம்.

நம் மண்டையோடும் இப்படித்தான். வெளியே ஒரு கெட்டித் தகடு, உள்ளே ஒரு கெட்டித் தகடு, நடுவில் கடற்பஞ்சு போன்ற எலும்பு. ஒரு பலகையை வளைக்கும்போது ஒரு பக்கம் இழுபடுகிறது, மறுபக்கம் நசுங்குகிறது, நடுப்பகுதி கிட்டத்தட்ட சும்மா இருக்கிறது. ஆகவே பலமான பொருளை இரு ஓரங்களுக்குத் தள்ளிவிட்டு, நடுவில் லேசான ஒன்றை நிரப்பினால் போதும். ஒரு மில்லிமீட்டர்த் தகடுகள் இரண்டை ஒன்றோடொன்று ஒட்டினால் கிடைக்கும் விறைப்பையும், அதே தகடுகளை 11 சென்டிமீட்டர் இடைவெளியில் நிறுத்தினால் கிடைக்கும் விறைப்பையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நடுப்பொருளின் நெளிவைக் கணக்கில் சேர்க்காவிட்டால், இரண்டாவது ஏறத்தாழ 9,000 மடங்கு. அந்த 9,000 மடங்கையும் தாங்கிப் பிடிப்பது தோலுக்கும் தெர்மாகோலுக்கும் இடையே உள்ள ஒட்டுதல். அது விட்டுப்போனால் மிஞ்சுவது மெல்லிய பிளாஸ்டிக் தாளும் நொறுங்கும் நுரையும்.

இனி தண்ணீர். தெர்மாகோலைப் பிய்த்துப் பார்த்தால் மணி மணியாக உதிரும். ஒவ்வொரு மணியும் மூடிய குமிழ்களின் கூட்டம். அதற்குள் தண்ணீர் எளிதில் போகாது. ஆனால் மணிகளை நீராவியில் உப்பவைத்து ஒன்றோடொன்று ஒட்டும்போது அவற்றுக்கு நடுவே சந்துகள் விடுபடுகின்றன, பொரி உருண்டையில் பொரிகளுக்கு நடுவே இருப்பதுபோல. தண்ணீர் போவது அந்தச் சந்துகளின் வழியே. 180 லிட்டர்ப் பலகையின் பருமனில் நூற்றில் ஒரு பங்கு நனைந்தாலே 1.8 கிலோ கூடிவிடும்.

ஐந்து ரூபாய் அளவுக் குழி வழியே அவ்வளவு தண்ணீர் போகுமா? கசிந்து போவதென்றால் வெகுநேரம் ஆகும். என் பலகைக்குள் தண்ணீர் கசியவில்லை. பலகையே உறிஞ்சிக் குடித்தது. நான் டீ குடித்துக்கொண்டிருந்தபோது வெயிலில் கிடந்த பலகைக்குள் காற்று சூடேறி விரிந்து, குழி வழியே வெளியேறியது. அதைக் கடலில் போட்டதும் உள்காற்று குளிர்ந்து சுருங்கியது. சுருங்கிய இடத்தை நிரப்ப, குழி வழியே கடல் உள்ளே போனது. 67 டிகிரியிலிருந்து 27 டிகிரிக்குக் குளிரும் காற்று எட்டில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகச் சுருங்கும். மணிகளின் சந்துகளில் 5 லிட்டர் காற்றுதான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால்கூட, அந்த ஒரே மூச்சில் அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் உள்ளே போய்விடும். மீதியைச் செய்ய அலைகள் இருந்தன. ஒவ்வொரு அலையிலும் பலகை வளைந்து நிமிரும்போது துருத்திபோல அது மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

அதனால்தான் ஓட்டை விழுந்த உடனே செய்ய வேண்டிய காரியம் ஒன்றே ஒன்று: தண்ணீரை விட்டு வெளியே வருவது. பிறகு ஓட்டை கீழே பார்க்கும்படி நிழலில் சாய்த்து வைப்பது. காய்ந்தபின் அதன்மேல் ஒட்டுநாடா போட்டு அன்றைக்குச் சமாளிக்கலாம் என்பவர்கள் உண்டு. அமைதியான கழிமுகத்தில், கரையிலிருந்து இருபது அடிக்குள் என்றால் எனக்கும் மறுப்பில்லை. கடலில் வேண்டாம்.

பழுது பார்க்கலாமா, வேண்டாமா என்று கேட்கிறவர்கள் எல்லாரும் ஓட்டை எவ்வளவு பெரியது என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். கண்ணுக்குத் தெரிவது அதுதானே. நான் முதலில் தராசைத் தேடுவேன். பயணப்பெட்டியைத் தொங்கவிட்டு எடைபார்க்கும் கைத்தராசு போதும். வாங்கிய அன்றே எடை பார்த்துப் பலகையின் அடியில் பென்சிலால் குறித்துவைப்பது நல்ல பழக்கம். தயாரிப்பாளர் சொல்லும் எடை சில நூறு கிராம் முன்பின் இருக்கும். என் பலகை அன்று மாலை 13.1 கிலோ காட்டியது. 1.9 கிலோ கடல் உள்ளே இருந்தது.

இரண்டாவது, காது. சந்தையில் மண்பானை வாங்குகிறவர் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவார். விமானங்களின் கூட்டுப்பொருள் பாகங்களையும் பராமரிப்புப் பணியாளர்கள் நாணயத்தாலோ சிறு சுத்தியலாலோ தட்டிப் பார்க்கிறார்கள். தோல் நுரையோடு ஒட்டியிருக்கும் இடத்தில் ஓசை கூர்மையாக, சுருக்கமாக வரும். ஒட்டுதல் விட்ட இடத்தில் அந்த இடம் மட்டும் தளர்ந்திருப்பதால் ஓசை மந்தமாகிவிடும். இரண்டு விரற்கடைக்கு ஒரு தட்டு என்று பலகை முழுவதும் தட்டி, மந்தமான இடத்தைப் பென்சிலால் வளைத்துக்கொண்டே போக வேண்டும். பொறுமை கேட்கும் வேலைதான். நான் இதில் சிக்கனம் பார்ப்பதில்லை, ஏனென்றால் கண்ணுக்குத் தெரிந்த குழிக்கு ஓர் அடி தள்ளி, தெரியாத இடத்தில் தோல் விட்டிருப்பதை இரண்டு முறை கண்டிருக்கிறேன்.

மூன்றாவது, அந்த வெள்ளைக் கோடுகள். கண்ணாடி இழைத் துணி இயல்பில் வெள்ளை. பிசினில் நனைந்ததும் ஏறக்குறைய மறைந்துவிடும். கண்ணாடியும் எபாக்சியும் ஒளியை வளைக்கும் அளவு கிட்டத்தட்ட ஒன்று என்பதால், இரண்டுக்கும் நடுவே எல்லை எங்கே என்று ஒளிக்குத் தெரிவதில்லை. மோதலில் பிசின் விரிசல்விட்டு அதற்குள் காற்று புகுந்துவிட்டால் ஒளி மறுபடி சிதறும், துணி மறுபடி வெளுக்கும். ஆக வெள்ளை தெரிகிற இடமெல்லாம் உடைந்த இடம். குழியின் விட்டம் இரண்டரை சென்டிமீட்டர்கூட இல்லை. வெள்ளையின் விட்டம் ஏழு. பழுது பார்க்க வேண்டிய அளவு ஏழுதான்.

இந்த இடத்தில் ஆலன் ஆர்னால்டு கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியாளரைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. ஃபார்ன்பரோவில் இருந்த விமான ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த அவர், 1920ல் முன்வைத்து 1921ல் அச்சான கட்டுரை ஒன்றில் எளிய கேள்வி ஒன்றை எடுத்துக்கொண்டார். கண்ணாடியின் அணுப்பிணைப்புகளைக் கணக்கிட்டால் அது மிகப் பலமான பொருளாக இருக்க வேண்டும். நிஜத்தில் ஏன் இவ்வளவு எளிதாக உடைகிறது? கண்ணாடியை உருக்கி மெல்லிய இழைகளாக இழுத்து, ஒவ்வொன்றையும் அறுந்துபோகும்வரை இழுத்துப் பார்த்தார். ஒரு மில்லிமீட்டர்த் தடிமனுள்ள கண்ணாடிக் கம்பி தாங்கியதைப்போல ஏறத்தாழ இருபது மடங்கைத் தாங்கின, மில்லிமீட்டரில் முந்நூறில் ஒரு பங்கே தடிமனுள்ள இழைகள். கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கின்றன, இழுவிசை முழுவதும் அந்தக் கீறலின் கூர்முனையில் குவிகிறது, இழை மெலிய மெலியப் பெரிய கீறலுக்கு அதில் இடமில்லாமல் போகிறது என்பது அவர் கண்ட விடை. கண்ணாடி இழைத் துணி பலமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். வெடித்த பலகையை அப்படியே விட்டால் வெடிப்பு ஏன் நீள்கிறது என்பதற்கும் காரணம் இதுதான். அகலமான ஓட்டையைவிடக் கூரான வெடிப்பு ஆபத்தானது. ஓட்டையைக் கண்டு பயந்து வெடிப்பைக் கண்டு பயப்படாதவர்கள், வரிசையைத் தலைகீழாக வைத்திருக்கிறார்கள்.

எங்கே அடிபட்டிருக்கிறது என்பதும் முக்கியம். நாம் பலகையின் நடுவில் நிற்கிறோம்; தண்ணீரோ நீளம் முழுவதும் பரவி மேலே தள்ளுகிறது. அதனால் நடுப்பகுதி தொய்ந்து, முனைகள் எழும்ப முயல்கின்றன. மேல்தோல் நசுங்குகிறது, அடித்தோல் இழுபடுகிறது. இழுபடும் துணி சற்று ஒட்டுவிட்டிருந்தாலும் விறைப்பாக நின்று வேலை செய்யும். நசுங்கும் துணி அப்படியல்ல. நுரையின் பிடிப்பு இல்லாத இடத்தில் அது கொப்பளம்போலப் பிதுங்கிவிடும், பிதுங்கியது மடியும், மடிந்த கோட்டில்தான் பலகை முறியும். எனவே நிற்கிற இடத்தில், மேல்தோலில், கையகல ஒட்டுவிடுதல் ஒன்று இருந்தால், அதை அடிப்பக்கத்துக் குழி மூன்றைவிடக் கவலைக்குரியதாக நான் எடுத்துக்கொள்வேன். மூக்கிலோ வாலிலோ சின்ன அடி என்றால் அங்கே வளையும் விசையே குறைவு, நிம்மதியாகப் பழுது பார்க்கலாம். இரு விளிம்புகளிலும் நேருக்கு நேர் வெடிப்பு இருந்து, இரண்டையும் இணைத்து மேலே ஒரு மடிப்புக் கோடு ஓடினால், பலகையின் முதுகெலும்பு போய்விட்டது என்று பொருள்.

மோதலே இல்லாமலும் ஒட்டுதல் விடும். மூடிய காருக்குள்ளோ, கருநிற உறையில் வெயிலிலோ கிடக்கும் பலகைக்குள் காற்று 27லிருந்து 67 டிகிரிக்கு ஏறினால் அதன் அழுத்தம் நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு கூடும். சிறிய எண்போலத் தோன்றலாம். ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 1,300 கிலோவுக்கு மேற்பட்ட எடை உள்ளிருந்து தோலைத் தள்ளுவதற்கு அது சமம். அதே வெப்பத்தில் அறை வெப்பநிலையில் இறுகிய எபாக்சி இளகவும் தொடங்கியிருக்கும். இதற்காகவே பல பலகைகளில் காற்றுத் திருகு வைக்கிறார்கள். சிலவற்றில் காற்றை விட்டுத் தண்ணீரை விடாத கோர்-டெக்ஸ் சவ்வு இருக்கும். 1969ல் ராபர்ட் கோர் டெஃப்லானைச் சட்டென்று இழுத்து நீட்டியபோது கண்டுபிடித்த நுண்துளைப் பொருள் அது. கையால் திறக்கும் திருகென்றால் வெயிலில் வைக்கும்போதும் மலையேற்றும்போதும் திறந்துவிட வேண்டும். 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் வெளிக்காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் நாலில் மூன்று பங்குக்குச் சற்று மேல்தான். சென்னையில் இறுக்கி மூடிய பலகையை அங்கே கொண்டுபோனால் வெயில் செய்வதைவிட மோசமான வேலையை மலை செய்துவிடும்.

என் பலகைக்கு வருகிறேன். குழி அடிப்பக்கத்தில், நடுவை விட்டு விலகி இருந்தது. தட்டிப் பார்த்ததில் மந்தமான இடம் வெள்ளை வட்டத்தைத் தாண்டவில்லை. மேல்தோல் உறுதியாக இருந்தது. பழுது பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். குப்பத்தில் ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப்போடுகிற ஓர் அண்ணன் இருக்கிறார். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஏராளமான ஃபைபர் படகுகள் இந்தக் கரைக்கு வந்தன. அவற்றுக்கு ஒட்டுப்போடும் கைகளும் குப்பத்துக்குக் குப்பம் உருவாகின. பலகையைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போனேன். ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தார்.

“தண்ணி குடிச்சிருக்கே தம்பி. உள்ள என்ன இருக்கு?”

“தெர்மாகோல்ண்ணே.”

“அப்ப என் ரெசின் ஆகாது.”

ஓரமாகக் கிடந்த உடைந்த ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்து, அதன்மேல் தன் டின்னிலிருந்து சில துளி ரெசினை விட்டார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தெர்மாகோல் குழைந்து உள்ளே இறங்கியது. பெட்டித் துண்டில் ஒரு பள்ளமும், பள்ளத்தின் அடியில் பசை போன்ற ஒரு வழவழப்பும் மிஞ்சின.

படகுக்காரர்கள் பயன்படுத்துவது பாலியஸ்டர் ரெசின். அதை இளக்கமாக வைத்திருப்பது அதில் கலந்துள்ள ஸ்டைரின் என்ற திரவம். தெர்மாகோலின் வேதிப்பெயர் பாலிஸ்டைரின். ஸ்டைரின் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டதுதான் அது. தன் இனத்துத் திரவம் வந்து சேர்ந்ததும் சங்கிலிகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி அதில் கரைந்துவிடுகின்றன. பெட்ரோல், தின்னர், நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோன் ஆகியவையும் இதைச் செய்யும். ஓட்டையைத் துடைத்துச் சுத்தம் செய்கிறேன் என்று அசிட்டோன் நனைத்த துணியை உள்ளே விட்டால், நாணயம் அளவுக் குழி தேங்காய் அளவுக் குகையாகிவிடும். தெர்மாகோல் நுரைக்கு எபாக்சிதான் பொருந்தும். பழைய அலைச்சறுக்குப் பலகைகளில் பாலியுரேத்தேன் நுரை இருக்கும், அதற்குப் பாலியஸ்டர் ரெசின் ஆகும். எந்த நுரை என்று உறுதியாகத் தெரியவில்லையென்றால் எபாக்சி போடுங்கள், அது இரண்டுக்கும் ஒத்துப்போகும்.

ஒட்டுவதற்கு முன் காய வேண்டும். இங்கேதான் பலரும் அவசரப்பட்டுப் பலகையைக் கெடுக்கிறார்கள். உள்ளே இருந்த 1.9 கிலோ கடல் நீரில் ஏறத்தாழ 66 கிராம் உப்பு இருந்தது. தண்ணீர் ஆவியானாலும் அந்த உப்பு நுரையின் சந்துகளிலேயே தங்கிவிடும். கடல் உப்பில் உள்ள மக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியக்கூடியது. மழைக்காலத்தில் அஞ்சறைப் பெட்டிப் பக்கத்து உப்பு ஜாடி நீர்விடுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆகவே பெரிய ஊசிக்குழலால் நல்ல தண்ணீரை உள்ளே செலுத்தி வடியவிட்டேன், நாக்கில் வைத்தால் கரிக்காத வரையில். உள்ளே தண்ணீர் போனதென்று கவலைப்படுகிற ஒருவர் மேலும் தண்ணீர் ஊற்றுவது பார்க்கிறவர்களுக்கு வினோதமாக இருக்கும். பிறகு வெடித்த துணியை வெட்டி எடுத்து, காற்றுத் திருகையும் கழற்றி, காற்று ஒரு வழியே நுழைந்து இன்னொரு வழியே வெளியேறும்படி செய்து, ஓட்டையைக் கீழே வைத்து, மின்விசிறிக்கு அடியில் சாய்த்தேன். முடி உலர்த்தும் கருவியைக் காட்டவில்லை. சூடு நுரையைச் சுருக்கும், மிச்சமிருக்கும் ஒட்டுதலையும் தளர்த்தும்.

இரண்டு நாளைக்கு ஒருமுறை எடை பார்த்தேன். முதல் வாரம் மளமளவென்று இறங்கியது, பிறகு நத்தை வேகம். இருபதாம் நாள் 11.4 கிலோ. அடுத்த நான்கு நாளும் அதே 11.4. எடை நின்றுவிட்டால் காய்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். மேலே கையை வைத்துப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று முடிவு செய்வதில் பயனில்லை.

வெட்டிய குழியின் ஓரங்களை வட்டமாக்கினேன். கிரிஃபித்தின் பாடம் இது: மூலை இருந்தால் விசை அங்கே குவியும். சுற்றிலும் உள்ள பழைய துணியை உப்புத்தாளால் சரிவாகத் தேய்த்தேன். தோலின் தடிமனைப்போலக் குறைந்தது பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவு வேண்டும் என்பது படகு கட்டுகிறவர்களின் கணக்கு. புதிய துணியும் பழைய துணியும் முனையோடு முனை இடித்துக்கொண்டு நின்றால் இழுவிசை தாவிக் கடக்க வழியில்லை. ஒன்றின்மேல் ஒன்று சரிந்து படுத்தால் ஒட்டின் முழுப் பரப்பும் அந்த விசையைப் பகிர்ந்துகொள்ளும். குழிக்குள் ஒரு தெர்மாகோல் துண்டைச் சீவிப் பொருத்தினேன். சிலர் கெட்டி மாவுபோல எபாக்சியால் முழுக் குழியையும் அடைத்துவிடுகிறார்கள். அது உறுதியாகத்தான் இருக்கும். ஆனால் சுற்றிலும் உள்ள நுரை அமுங்கும்போது அந்தக் கட்டி அமுங்காது. அடுத்த வெடிப்பு அதன் விளிம்பைச் சுற்றியே வரும்.

எபாக்சியில் கவனிக்க வேண்டியது அளவு. பாலியஸ்டர் ரெசினில் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பது வினையைத் தொடங்கிவைக்கும் பொருள். சற்றுக் கூடினால் சீக்கிரம் இறுகும், குறைந்தால் மெதுவாக இறுகும். எபாக்சிப் பிசினை இறுகவைக்கக் கலக்கும் ஹார்ட்னர் வேறு சாதி. பிசினில் உள்ள ஒவ்வொரு எபாக்சி வளையத்தையும் ஹார்ட்னரின் ஒரு கை பற்ற வேண்டும். பற்றியதெல்லாம் சேர்ந்துதான் அந்தக் கெட்டி வலை. கூடுதலாக ஊற்றினால் பற்ற ஆளில்லாத கைகள் மிஞ்சும், ஒட்டு எப்போதும் பிசுபிசுப்பாகவே கிடக்கும். ஆகவே சமையலறைத் தராசில் கிராம் கணக்கில் நிறுத்துக் கலந்தேன். நம் ஊர் வெயிலில் இன்னொன்றும் உண்டு. வெப்பம் பத்து டிகிரி கூடினால் இறுகும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். கிண்ணத்தில் மொத்தமாக வைத்திருந்தால் வினையின் சூடே வினையை முடுக்கி, கை சுடும் அளவுக்குப் போய்விடும். சிறிது சிறிதாகக் கலப்பதே நல்லது.

மாலை நான்கு மணிக்கு மேல்தான் தொடங்கினேன். காலையில் ஒட்டினால், வெயில் ஏற ஏற நுரைக்குள் இருக்கும் காற்று விரிந்து, இறுகாத பிசினுக்குள் குமிழியாகக் கிளம்பும். மாலையில் நுரை குளிர்ந்துகொண்டே போவதால் காற்று சுருங்கி, பிசினை மெல்ல உள்ளே இழுத்துக்கொள்ளும். என் பலகையைத் தண்ணீர் குடிக்கவைத்த அதே இயற்பியலை இப்போது என் பக்கம் நிற்க வைத்தேன். துணியை வைத்து நனைத்ததும் வெள்ளை மறைந்துகொண்டே வந்தது. வெளுப்பாக நின்ற இரண்டு இடங்களில் அட்டைத் துண்டால் வழித்துக் காற்றை ஓரத்துக்குத் தள்ளினேன். மறுநாள் மேற்பரப்பில் மெழுகுபோல ஒரு படலம் இருந்தது. ஈரக்காற்றில் ஹார்ட்னர் செய்கிற வேலை. அதைத் தண்ணீரால் கழுவிவிட்டுத்தான் அடுத்த பூச்சு. தேய்க்கும்போது முகமூடியும், பிசினைத் தொடும்போது நைட்ரைல் கையுறையும் கட்டாயம். எபாக்சி ஒவ்வாமை ஒருமுறை உடம்பில் பிடித்துவிட்டால் பிறகு ஆயுளுக்கும் விடாமல் போகலாம். இதில் துணிச்சல் காட்ட இடமே இல்லை.

இந்த நாட்களில் நண்பர் ஒருவர் தன் பழைய பலகையையும் கொண்டுவந்து சேர்த்தார். மேல்தோலில், நிற்கும் இடத்தில், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு மந்த ஓசை. அதன் நடுவே குறுக்காக ஒரு மடிப்பு, இரு விளிம்பிலும் வெடிப்பு. எடை, வாங்கியதைவிட மூன்று கிலோ அதிகம். அவருக்கு அந்தப் பலகைமேல் பிரியம். மகளை முதன்முதலில் தண்ணீரில் நிறுத்தியது அதில்தான். பழுது பார்க்க முடியாதா என்றால் முடியும். பாதித் தோலை உரித்து, நுரையைக் காயவைத்து, இரு விளிம்பையும் பல அடுக்குத் துணியால் கட்டலாம். அது முடியும்போது பலகை இன்னும் கனத்திருக்கும். கட்டிய இடம் விறைத்து, அந்தக் கட்டு முடியும் கோட்டில் அடுத்த முறிவு காத்திருக்கும். முட்டுக்காட்டுக் கழிமுகத்தில் முழங்கால் ஆழத்தில் சிறுவர்கள் ஏறி விளையாட அதுவே போதும். கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே, காற்று கிழக்கே தள்ளும் நாளில் அதன்மேல் நிற்க நான் யாரையும் அனுப்பமாட்டேன். வேண்டாம் என்று அவரிடம் சொன்னேன். சொல்வது எளிதாக இல்லை.

தூக்கிப் போடுவதும் எளிதல்ல. கண்ணாடி இழையும் எபாக்சியும் ஒருமுறை இறுகிவிட்டால் மறுபடி உருக்க முடியாது. தெர்மாகோல் வெளியே தெரிந்தால் மணிமணியாக உதிர்ந்து கடலுக்குப் போகும். அலங்காரத் தெர்மாகோலுக்கு 2022 ஜூலை 1 முதல் நாட்டில் தடை இருக்கிறது. அதைவிடப் பன்மடங்கு பெரிய இந்தக் கட்டியை எங்கே சேர்ப்பது என்பதற்கு நம் கரையில் தெளிவான வழி இல்லை. நண்பர் வெடிப்புகளை ஒட்டி மூடி, குழந்தைகள் பழகும் இடத்தில் மணல்மேல் கிடத்தினார். நின்று சமநிலை பழக இப்போது அது பயன்படுகிறது.

காற்றடைக்கும் பலகைகளின் கதை வேறு. அவற்றில் நுரை கிடையாது, ஆகவே ஊறுவதற்கும் ஒன்றுமில்லை. மேல்தாளையும் கீழ்த்தாளையும் ஆயிரக்கணக்கான நூல்கள் இணைத்துப் பிடிக்கின்றன. 1956ல் குட்இயர் நிறுவனம் காற்றடைத்துப் பறக்கும் சிறு விமானம் செய்தபோது இதே உத்தியைத்தான் பயன்படுத்தியது. 15 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் பத்து டன்னுக்கு மேற்பட்ட விசையை அந்த நூல்கள் தாங்குகின்றன. ஊசி ஓட்டை என்றால் சோப்பு நீர் தடவிக் குமிழி கிளம்பும் இடத்தைக் கண்டுபிடித்து, சைக்கிள் பஞ்சர்போல பி.வி.சி. ஒட்டுப் போடலாம், ஒரு நாள் முழுக்கக் காயவிட்டுக் காற்றடைக்க வேண்டும். வால்வில் கசிந்தால் திருகி இறுக்கினாலே சரியாகலாம். ஆனால் ஓரிடத்தில் மட்டும் பலகை புடைத்துக்கொண்டு வந்தால் உள்ளே நூல்கள் அறுந்துவிட்டன. வெளியிலிருந்து அவற்றைக் கட்ட எந்தக் கைக்கும் வழியில்லை.

மே மாதக் கடைசியில் என் பலகையின் ஒட்டைத் தேய்த்து முடித்தேன். எடை 11.7 கிலோ. பழைய 11.2க்குக் கீழே அதையும் தேதியோடு பென்சிலால் எழுதினேன். தட்டினால் ஒட்டுப்போட்ட இடமும் பக்கத்து இடமும் ஒரே குரலில் பேசின. அண்ணனிடம் காட்டக் கொண்டுபோனேன். மறுபடியும் ஒரு முனையைத் தூக்கினார், சற்றுக் குலுக்கினார், காதைக் கொடுத்துக் கேட்டார், மணலில் வைத்தார். ஒட்டின்மேல் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தார். பிறகு என் பையிலிருந்த ஹார்ட்னர் டப்பாவை எடுத்து, அதில் அச்சடித்திருந்த அளவைப் படித்தார்.

“நூறுக்கு நாப்பத்தஞ்சா?” என்றார். “நாங்க சொட்டுக் கணக்குல இல்ல விடுவோம்.”

மிச்சமிருந்ததில் கொஞ்சம் கலந்து காட்டச் சொன்னார். ஐஸ் பெட்டியில் இன்னொரு துண்டைப் பிய்த்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.